தொந்தி கரையட்டும், தோள் கரைய வேண்டாம்!

சின்னமனூரில் எனக்கு ஓர் அண்ணன் உண்டு. கூடப் பிறந்தவர் அல்ல. கல்லூரி விடுதியில் என் அறைத் தோழனாக இருந்தவனின் மூத்த சகோதரர். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். தேனி மாவட்டத்துச் செவ்வாழையும் பச்சை வாழையும் லாரி லாரியாக வெளியூர் போகின்றன அல்லவா? அதில் ஒரு சிறு பங்கு அவர் கை வழியாகப் போகிறது. கை வழியாக என்றால் நிஜமாகவே கை வழியாகத்தான். ஆள் குறைந்த நாளில் இருபத்தைந்து கிலோத் தாரைத் தாமே தூக்கித் தோளில் சாத்தி வண்டியில் ஏற்றிவிடுவார். வயது நாற்பத்தாறு.

இவ்வருஷ ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போனபோது மண்டியில் எட்டிப் பார்த்தேன். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். "அண்ணன் எங்கே?" என்று கேட்க வாயெடுத்தவன், அந்தக் கிழவர் சிரித்ததும் திடுக்கிட்டேன். அண்ணனேதான்!

"என்னண்ணே இது? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லே தம்பி. இளைச்சிருக்கேன். ரெண்டு மாசத்திலே எட்டுக் கிலோ! எண்பத்திரண்டு இருந்தேன், இப்போ எழுபத்து நாலு" என்றார், பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிய பையனைப் போல.

சர்க்கரை எல்லைக் கோட்டில் வந்து நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். எப்படிக் குறைப்பது என்பதை அண்ணன் தாமே தீர்மானித்துக் கொண்டார். காலையில் காபி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ரசம், கொஞ்சம் காய், மோர். ராத்திரி இரண்டு வாழைப்பழம். முட்டையும் மீனும் "கொழுப்பு" என்று தள்ளுபடி. பருப்பு "வாயு" என்று தள்ளுபடி.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டி வந்து நின்றது. பழைய வழக்கத்தில் அண்ணன் எழுந்து போய் ஒரு தாரைத் தூக்கினார். முழங்கால் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "கை நடுங்குதுப்பா" என்றார்.

சாயங்காலம் வீட்டில் மதினி சொன்ன வார்த்தைதான் விஷயத்தின் சாரம். "பாருங்க தம்பி, தோளிலே சட்டை தொளதொளன்னு தொங்குது. வயித்துப் பட்டன் மட்டும் அப்படியேதான் இழுத்துக்கிட்டு நிக்குது. இது என்ன இளைப்பு?"

மதினி எந்த வைத்தியக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. ஆனாலும் எடை குறைப்பு சம்பந்தமாக இதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. நாம் குறைக்க விரும்புவது ஊளைச் சதையை. தராசு முள்ளோ, குறைந்தது ஊளைச் சதையா, உழைக்கும் சதையா என்று சொல்வதில்லை. மொத்தக் கணக்கு மட்டுமே காட்டும். வெறும் பட்டினியால் இளைப்பவர்களுக்கு, குறைந்த எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தசையும் அதைச் சார்ந்ததுமாகப் போய்விடுகிறது. வேகமாக இளைத்தால், புரதமும் குறைந்தால், உடம்புக்கு வேலையும் இல்லாவிட்டால், அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. அண்ணனுக்கு மூன்றும் சேர்ந்து கொண்டன. கல்லாப் பெட்டி ஆசனமே கதி என்று ஆகிவிட்டதல்லவா!

காரணம் எளிது. தசை என்பது ஓயாமல் இடிந்து ஓயாமல் கட்டப்படும் வீடு. செங்கல் புரதம். செங்கல் வராவிட்டால் இடிவது நிற்பதில்லை. கட்டுவது மட்டும் நின்றுவிடுகிறது. அதோடு, வருமானம் குறைந்த குடும்பம் வேலை இல்லாமல் சும்மா கிடக்கும் மாட்டைத்தானே முதலில் விற்கும்? உடம்பும் அப்படித்தான். உபயோகிக்காத தசையைத் தீனி போட்டு வைத்துக்கொள்ள அது விரும்புவதில்லை.

நம்மவர்கள் விஷயத்தில் இந்த நஷ்டம் இரட்டிப்பு. பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் என்பவரும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் என்பவரும் 2004-ம் வருஷம் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் சேர்ந்தாற்போல் நின்று ஒரு போட்டோ வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவரும் ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! அதாவது இந்திய உடம்பு ஒல்லியாக இருக்கும்போதே தசை குறைந்து, கொழுப்பு மிகுந்து இருக்கக்கூடும். ஆரம்ப முதலே கைம்முதல் குறைச்சல். அதையும் பட்டினியில் கரைத்தால் என்ன மிஞ்சும்? சாப்பிட்ட சர்க்கரையில் பெரும் பகுதியை வாங்கிக் கொள்வது தசைதான். தசையைத் தொலைத்துவிட்டுச் சர்க்கரை வியாதியைத் தடுக்கப் பார்ப்பது, குளத்தைத் தூர்த்துவிட்டு வெள்ளத்தைத் தடுக்கப் பார்ப்பது போல.

நமக்குப் புரதம் குறைச்சல் என்பது இன்றைக்கு நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிஸன் என்ற டாக்டர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிற்பாடு அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்து மக்களும் சாப்பிடுவதை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் முதல் ஸ்தானத்தில் வந்தன. அரிசியே பிரதானமாகிப் பாலும் பருப்பும் சுருங்கிப்போன மதராஸ் சாப்பாட்டு எலிகள்தாம் கடைசி. அந்தக் குன்னூர் நிலையமே 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக் கொள்வோம். 1895-ல் முல்லைப்பெரியாறு அணை எழும்பி மலைக்கு அப்பால் போன தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிய பிறகு, லோயர் கேம்ப் தொடங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று பாயும் ஆற்றுப் பாசனத்தில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. பென்னிகுக் துரையின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்து நன்றி பாராட்டும் பூமி இது. நெல் வந்தது பாக்கியந்தான். ஆனால் அரிசி தட்டு முழுவதையும் பிடித்துக் கொண்டதும் உண்மை. இது தேனிக்கு மட்டும் உள்ள கதையல்ல. 2025-ல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று, நாம் உண்ணும் கலோரியில் நூற்றுக்கு 62 மாவுச் சத்திலிருந்தும், 12 மட்டுமே புரதத்திலிருந்தும் வருவதாகக் கண்டது.

அன்று இரவு அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மண்டிக் கணக்கு நோட்டிலேயே ஒரு பக்கம் கிழித்துக் கணக்குப் போட்டோம். வாசகர்களும் ஒரு பென்சில் எடுத்துக் கொள்ளலாம்.

முதல் வரி: போய்ச் சேர வேண்டிய எடை. அண்ணன் உயரம் 168 சென்டிமீட்டர். முதல் மைல் கல்லாக 68 கிலோ என்று வைத்தோம். புரதக் கணக்கை இந்த எடையை வைத்தே போட வேண்டும். இருக்கிற தொந்திக்கும் சேர்த்துப் புரதம் கேட்பது நியாயம் அல்ல.

இரண்டாவது வரி: புரதம். ஆரோக்கியமான ஆள் சாதாரண காலத்தில் கிலோவுக்கு 0.83 கிராம் சாப்பிட வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்த கணக்கு. ஆனால் சாப்பாட்டைக் குறைக்கும் காலம் சாதாரண காலம் அல்ல. வரவு குறையும்போது செங்கல் அதிகம் வேண்டும். கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை என்பது நடைமுறைக்கு ஏற்றது. கானடாவில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் நடத்திய ஒரு பரீட்சையின் முடிவை 2016-ல் வெளியிட்டார்கள். நாற்பது இளைஞர்களுக்கு நாலு வாரம் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து, தேகப் பயிற்சியும் கடுமையாகக் கொடுத்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், தசை குறையவில்லை. அதைப் போல் இரண்டு பங்கு உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, ஒரு கிலோவுக்கு மேல் தசையும் சேர்த்தார்கள். இளவட்டங்களின் இரண்டு பங்கு நமக்கு வேண்டாம். 68-ஐ 1.3-ஆல் பெருக்கி, அண்ணனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 90 கிராம் என்று எழுதினோம்.

"நான் இப்போ எவ்வளவு சாப்பிடறேன்?" என்றார் அண்ணன். கூட்டிப் பார்த்தோம். முப்பதைத் தொடவில்லை.

மூன்றாவது வரி: கொழுப்பு. "அதுதான் சைபர் ஆச்சே!" என்றார். அங்கேதான் தவறு. கொழுப்பைக் குறைக்கக் கொழுப்பையே தொடக்கூடாது என்பதில்லை. சில வைட்டமின்கள் உடம்பில் சேரவும், ஹார்மோன்கள் ஒழுங்காகச் சுரக்கவும், பசி அடங்கவும் அது வேண்டும். மொத்தக் கலோரியில் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. அதற்காக அள்ளி ஊற்றவும் கூடாது. புரதமும் மாவும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. கிலோ எடைக்கு முக்கால் கிராம் என்று வைத்து, அண்ணனுக்கு 50 கிராம் எழுதினோம்.

நான்காவது வரி: மொத்தம். 74 கிலோ எடையில் அவருக்கு உத்தேசமாக 2,250 கலோரி செலவாகும். அதில் 500-ஐக் குறைத்தால் 1,750. புரதத்துக்கு 360, கொழுப்புக்கு 450 போக, மிச்சம் 940. அது மாவுச் சத்துக்கு. அதாவது 235 கிராம். சோறு எங்கும் ஓடிப்போகவில்லை, பாருங்கள்! ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ என்பது பாய்ச்சல், இது நடை. நடைதான் ஊர் போய்ச் சேரும்.

கணக்கு சரி, இலையில் என்ன விழும்? மதினி இங்கே நாற்காலியை முன்னுக்கு இழுத்துக் கொண்டார்.

காலையில் இரண்டு முட்டை, இரண்டு இட்லி: 17 கிராம் புரதம். மத்தியானம் நூறு கிராம் அரிசிச் சோறு, நாற்பது கிராம் பருப்புப் போட்ட கெட்டிக் குழம்பு, கீரை, நூறு கிராம் மீன், இருநூறு கிராம் தயிர்: 45 கிராம். மீனுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை இருக்கிறது, கட்லாவும் ஜிலேபியும் கிடைக்கின்றன. சாயங்காலம் ஐம்பது கிராம் மொச்சை அவித்த சுண்டல்: 12 கிராம். இரவு எழுபது கிராம் கம்பு மாவில் தோசை, ஒரு தம்ளர் பால்: 13 கிராம். ஆக மொத்தம் 87. தாளிக்க, வதக்க எல்லாமாகச் சேர்த்து நாலு தேக்கரண்டி எண்ணெய். முட்டை, பால், தயிரில் இருப்பதையும் கூட்டினால் கொழுப்பு ஐம்பதுக்கு அருகில் வந்துவிடும்.

சைவக்காரர்கள் முட்டைக்கும் மீனுக்கும் பதிலாக ஐம்பது கிராம் பன்னீரும் நாற்பது கிராம் சோயா உருண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய சரிக்குச் சரி. டப்பாவில் அடைத்த புரதப் பொடி வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றே ஹைதராபாத் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. மானாவாரி மொச்சையும், பருப்பும், பாலும் உள்ள சீமைக்குப் பொடி எதற்கு?

இரண்டு மாயமான்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஒன்று நிலக்கடலை. நூறு கிராமில் 25 கிராம் புரதம் என்று சொல்லிக் கொறிக்கச் சொல்வார்கள். அதே நூறு கிராமில் 40 கிராம் கொழுப்பும் இருக்கிறது. 560 கலோரிக்கு மேல். ஒரு பிடி நல்லது. ஒரு பொட்டலம் ஒரு வேளைச் சாப்பாடு. தேங்காய்ச் சட்டினியும் அந்த ஜாதிதான். இன்னொன்று பழம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் நூறு கிராம் திராட்சையில் சுமார் பதினைந்து கிராம் சர்க்கரை. புரதம் ஒரு கிராம்கூட இல்லை. பழம் பழமாக இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாடாக வேண்டாம்.

புரதத்தை ஒரே வேளையில் அடைத்துக் கொள்வதைவிட வேளைக்கு இருபது கிராமாவது வரும்படி பகிர்ந்து உண்பது நல்லது. அண்ணன் சுண்டலில் ஒரு பகுதியைக் காலைக்கும், தயிரில் பாதியை இரவுக்கும் மாற்றிக் கொண்டார்.

இனி முக்கியமான விஷயம். செங்கல் மட்டும் வந்து இறங்கினால் வீடு எழும்புமா? கொத்தனார் வேண்டாமா? தசையைக் கட்டும் கொத்தனார், பாரம். வாரத்தில் மூன்று நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, திண்ணை விளிம்பில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் பிடித்து நடப்பது, சிறு தாரைத் தரையிலிருந்து இடுப்புக்கு எடுப்பது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தரம், மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் பாரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். நடையும் நல்லதுதான், ஆனால் நடை மட்டும் தோளைக் காப்பாற்றாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக் காலையே ஆரம்பிக்கக் கூடாதவர்களும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிப்பவை. ஆகவே அவை உள்ளவர்கள் முதலில் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும்; இல்லாவிட்டால் மயக்கம் வந்துவிடும். அண்ணன் மறுநாளே பரீட்சை செய்து, டாக்டரிடமும் நோட்டைக் காட்டிச் சம்மதம் வாங்கிக் கொண்டார்.

நிற்க. கணக்கு முடிந்து நோட்டை மூடும் நேரம். அதுவரை அளவுக் கரண்டியும் தராசுமாக ஓடி ஓடி வேலை செய்த மதினி, வாசல்படியில் உட்கார்ந்து, விளையாட்டாகக் கேட்பது போல் கேட்டார்: "ஏன் தம்பி, எனக்கு எத்தனை கிராம்?"

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். எங்களுக்குத் தோன்றவே இல்லை! அவர் எடை 56 கிலோ. இளைக்க வேண்டியதே இல்லை என்று வைத்துக் கொண்டாலும் 46 கிராம் புரதம் குறைந்தபட்சம். என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தோம். முட்டை பையன்கள் இருவருக்கும். மீனில் நடுத்துண்டு அண்ணனுக்கு. குழம்பில் பருப்பு அடியில் தங்கினால் உண்டு, பெரும்பாலும் தங்குவதில்லை. ராத்திரி மிஞ்சிய சோறும் ஊறுகாயும். கூட்டிப் பார்த்ததில் முப்பத்து மூன்று கிராம் வந்தது.

நாற்பதைத் தாண்டினால் ஆண் பெண் இருபாலருக்கும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கழியத் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு எலும்பும் சேர்ந்து மெலிகிறது. அறுபதில் மாடிப்படி ஏற முடியாமல் போவதற்கும், குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிவதற்கும் வித்து, முப்பத்தைந்திலும் நாற்பதிலும் கடைசிப் பந்தியில் தனியாக உட்கார்ந்து உண்ணும் அந்த மிச்சச் சோற்றில் இருக்கிறது. விடியுமுன் சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டுக்கும் போடிமெட்டுக்கும் மேலே ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை இந்தப் பள்ளத்தாக்கில் தினமும் பார்க்கலாம். அவர்கள் தசைக்கு வேலை போதும் போதும் என்கிற அளவு இருக்கிறது. தூக்கில்தான் செங்கல் வேண்டும்: ஓர் அவித்த முட்டை, ஒரு கை சுண்டல்.

மூன்று மாதம் கழித்துப் போன வாரம் மறுபடி சின்னமனூர் போயிருந்தேன். அண்ணன் எழுபது கிலோவில் நிற்கிறார். முன்பு எட்டுக் கிலோ இளைத்தபோது ஒன்றரை அங்குலமே குறைந்த இடுப்பு, இப்போது நாலு கிலோவுக்கே இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. முப்பத்தேழரை, ஆண்களுக்கு முப்பத்தைந்தரைக்குள், அதாவது 90 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்ச தூரம் பாக்கி. பெண்களுக்கு அந்த எல்லை 80. வண்டி வந்தது. தாரைத் தூக்கினார். முழங்கால், இடுப்பு, தோள். என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பும் சிரித்தார்.

எனக்கு அதைவிடச் சந்தோஷம் தந்தது மத்தியானம் வீட்டில் கண்ட காட்சி. சமையலறைச் சுவரில் மண்டி நோட்டின் தாள் ஒட்டியிருந்தது. அண்ணன் கணக்குக்கு எதிரில், அண்ணன் கையெழுத்திலேயே இன்னொரு கணக்கு: "மதினிக்கு" அல்ல, மதினியின் பெயரைப் போட்டு, "46-க்குக் குறையாமல்."

இலை போட்டபோது ஐந்து இலை விழுந்தது. ஐந்து இலையிலும் முட்டை இருந்தது. ஐந்தாவது இலையில் உட்கார்ந்தவர் மதினி.